ஒரு ரிப்போர்ட்டில் இரண்டு மல்லிகா

போன மாதம் சர்க்கரை பார்ப்பதற்காக எங்கள் பழைய லேபுக்குப் போயிருந்தேன். ரத்தம் கொடுத்துவிட்டு எதிரே இருந்த கடையில் டீ குடித்து முடிப்பதற்குள் ரிப்போர்ட் என் செல்போனுக்கு வந்துவிட்டது. என் பெயர், வயது, வீட்டுக்காரர் பெயர், எண்கள், கீழே கையெழுத்து, எல்லாம் அழகாக இருந்தன. திரும்பிப் போய் அங்கிருந்த பெண்ணிடம், "இது தானாவே போவுதாம்மா?" என்று கேட்டேன். "ஆமாங்க மேடம். பட்டனைக் கூட அமுக்கறதில்லிங்க. நீங்க இருந்தப்ப எப்படிங்க அனுப்புவீங்க?" என்றாள். கூட்டம் அதிகமாக இருந்ததால், "அது பெரிய கதைம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தருமபுரியில் ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை அது. கணக்கில் பட்டமும் தட்டச்சில் ஹையரும் முடித்துவிட்டு, பதிவேட்டுப் பிரிவில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தபோது சேலத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். பொம்மிடியில் ரயில் ஏறிப் போய் வந்து படித்தேன். பிறகு பெங்களூர்க்காரர்கள் சிலர் லேபுக்கு ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் அவர்கள் கடையை மூடிவிட, அதைப் பராமரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவர்கள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, எது எதற்கு என்று நானாகக் கண்டுபிடித்துக்கொண்டேன். என் படிப்பு அவ்வளவுதான்.

லேபுக்குப் பொறுப்பாளர் மாதையன் சார். பென்னாகரம் பக்கத்துக்காரர். ஒல்லியான உருவம், முழுக்கைச் சட்டை, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். அவர் படித்துப் பார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டும் லேபைவிட்டு வெளியே போகாது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் ரத்தப் பிரிவுப் பதிவேட்டைத் தன் கையால்தான் எழுதினார். கர்ப்பிணிகளில் யாருக்காவது நெகட்டிவ் பிரிவு என்றால் அந்தப் பெயரைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போடுவார். அந்த வாரத்துக்குள் சம்பந்தப்பட்ட நர்ஸைத் தானே கூப்பிட்டு, குறித்துக்கொண்டார்களா என்று கேட்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சாதாரணமாக என்னை "ஏம்மா சிவகாமி" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "சொல்லுங்க மேடம்" என்று அவர் ஆரம்பித்தால் லேபில் எல்லோரும் குனிந்து வேலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். குரலை மட்டும் அவர் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

வத்தல்மலையில் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. ஜெயந்தி என்ற நர்ஸ் அங்கேயே தங்கி வேலை பார்த்தாள். மாதம் ஒரு நாள் கர்ப்பிணிகளுக்கு முகாம் நடக்கும். ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கீழே கொண்டு வருவார்கள். சோதனை முடிந்ததும் முடிவுகளை மேலே சொல்லியாக வேண்டும். மலையில் ஒரு பாறை மேல் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஜெயந்தி அதில் ஏறி நின்றுகொள்வாள். நான் கீழே உட்கார்ந்து திரையைப் பார்த்து வாசிப்பேன்.

"பி பாசிட்டிவ்."

"என்னாங்க மேடம், ஓ-வா?"

"பி, பி. பல்லுக்கு வர்ற பி."

இப்படியே ஒன்றரை மணி நேரம் போகும். காற்று அடித்தால் அதுவும் கேட்காது. ஒரு நாள் அவளே கேட்டாள். "மேடம், உங்களுக்குத் திரையில வருதில்லிங்களா அந்தப் பக்கம், அதையே ஒரு ஃபைலாக்கி எனக்கு அனுப்ப முடியாதுங்களா? பாறைக்கு வந்தா எறங்கிடும். வூட்டுக்குப் போயி பொறுமையா எழுதிக்குவேன்."

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் மென்பொருள் ரிப்போர்ட்டை எங்கேயும் எழுதி வைக்காது. நோயாளியின் எண்ணைத் தட்டினால் விவரங்களைத் திரட்டி, தலைப்பு, பெயர், கட்டம், கோடு எல்லாம் போட்டு, அந்த நிமிடத்தில் ஒரு பக்கத்தை உருவாக்கித் திரைக்கு அனுப்பிவிடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. ஜன்னலை மூடினால் பக்கம் போய்விடும். மறுபடி வேண்டுமென்றால் மறுபடி எண்ணைத் தட்ட வேண்டும்.

ஒரு வாரம் தேடிய பிறகு வழி கிடைத்தது. மூன்றே வரிகள். நிரல் ஓடத் தொடங்குமுன் முதல் வரியை எழுதிவிட்டால், அது உருவாக்குவது எதுவும் திரைக்குப் போகாது. நினைவகத்தில் ஓர் இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வரி, சேர்ந்ததை அப்படியே எடுத்து நம்மிடம் கொடுக்கும். அதை ஃபைலாக எழுதி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். மூன்றாவது வரி அந்த இடத்தைக் காலி செய்யும். வந்ததை ஒரு பாத்திரத்தில் பிடித்து, ஊற்றிக் கொடுத்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைப்பது மாதிரி.

முதல் ஃபைல் ஜெயந்தியின் போனில் இறங்கியதும் அவள் பாறையிலிருந்தே கூப்பிட்டு, "மேடம், கோடு கூட அப்படியே இருக்குதுங்க" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சம்பள உயர்வு வந்தபோதுகூட இருந்ததில்லை. மாதையன் சார் வந்து திரையில் பார்த்தார். "எழுத்து மாறாம போவுதா?" என்றார். "போவுது சார்" என்றேன். "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு.

முகாமுக்கு ஆள் கூடிக்கொண்டே போனார்கள். நாற்பது பேருக்கு ஒவ்வொன்றாக எண் தட்டுவது சிரமமாக இருந்ததால், பட்டியலைக் கொடுத்தால் பெயர் வரிசையில் தானே ஒவ்வொருவராக எடுத்து எல்லாருக்கும் ஃபைல் போடும்படி எழுதினேன். யாருக்காவது ஒரு சோதனை முடியாமல் இருந்தால் அவருக்கு ஃபைல் எழுதாமல் அடுத்த ஆளுக்குத் தாவிவிட வேண்டும் என்றும் சேர்த்தேன். பாதி ரிப்போர்ட் போகக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். முடிந்த ரிப்போர்ட்டுகளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடுத்த இரண்டு முகாம்களுக்கும் சரியாகவே போனது. அந்த இரண்டு முறையும் யாருக்கும் நிலுவை என்று எதுவும் இருக்கவில்லை.

மூன்றாவது முகாம் முடிந்து நான்கு நாள் இருக்கும். மாதையன் சார் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று ஜெயந்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "மல்லிகாவுக்கு பி நெகட்டிவ்னு குறிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அவள் பதிலைக் கேட்டதும், "மறுபடி பாருங்க" என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மேடம், மல்லிகாங்கற ஃபைலைக் கொஞ்சம் திறங்க."

திறந்தேன். மேலே 'மல்லிகா, வயது 24, ரத்தப் பிரிவு ஓ பாசிட்டிவ்' என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அப்புறம் மறுபடியும் மருத்துவமனைத் தலைப்பு. அதன் கீழ் 'மல்லிகா, வயது 23, பி நெகட்டிவ்', பிறகு மற்ற எண்கள் எல்லாம் வரிசையாக.

புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த முகாமில் மல்லிகா இரண்டு பேர். முதல் மல்லிகாவின் ரத்தம் வரும் வழியில் கட்டிவிட்டது. கட்டிய ரத்தத்தில் பிரிவைப் பார்த்துவிடலாம், அணுக்களை எண்ண முடியாது. அதனால் அவளுக்கு மீதியெல்லாம் நிலுவை. நிரல் பெயர், வயது, பிரிவு வரை எழுதிவிட்டு, நிலுவை என்று கண்டதும் நான் சொல்லியிருந்தபடி அடுத்த ஆளுக்குத் தாவிவிட்டது. தாவும்போது மூன்றாவது வரியையும் தாண்டிவிட்டது. பாத்திரம் காலியாகவில்லை. அதில் மிஞ்சியிருந்ததன் மேலேயே அடுத்தவளின் ரிப்போர்ட் விழுந்திருக்கிறது. பெயர் வரிசைப் பட்டியல் என்பதால் அடுத்தவளும் மல்லிகாவே. சின்னப் போன் திரையில் ஜெயந்தி மேலே பிரிவைப் பார்த்து எழுதிக்கொண்டு, இரண்டாம் பக்கம் என்று நினைத்துக் கீழே மற்ற எண்களை எழுதிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

நெகட்டிவ் ரத்தம் உள்ள தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை உண்டானால் முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தப் பிரசவத்தில் தாயின் உடம்பு குழந்தையின் ரத்தத்தை எதிரியாகப் பார்க்கப் பழகிக்கொள்ளும். அடுத்த குழந்தையை வயிற்றுக்குள்ளேயே தாக்கும். ஏழாம் மாதம் ஒன்று, பிரசவம் ஆனதும் ஒன்று என்று ஊசி போட்டுவிட்டால் அது நடக்காது. மல்லிகாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஜெயந்தி எழுதிய கர்ப்பிணி அட்டையில் பாசிட்டிவ் என்று இருக்கும்வரை அவளுக்கு யாரும் அந்த ஊசியைப் போட மாட்டார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு குழந்தை போனால், என்னுடைய மூன்று வரிகளைத் தேடி யாரும் வரப்போவதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"பட்டியல் முழுசும் பார்த்துடலாங்க மேடம்" என்றார் சார். நாற்பத்து மூன்று பேரையும் ரத்தப் பிரிவுப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தோம். அவர் வாசிக்க நான் சரி சொன்னேன். தப்பு அந்த ஒன்றில் மட்டும்தான்.

"ஒண்ணுதான் சார்" என்றேன்.

"அந்த ஒண்ணு ஒரு ஆளுங்க மேடம்" என்றார்.

ஜெயந்தி அந்த மல்லிகாவின் வீட்டுக்கு ஓடினாள். வளைகாப்பு முடிந்து மல்லிகா சித்தேரி மலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அங்கே போன் போகாது. மறுநாள் காலையில் நான் அரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது, மாதையன் சார் ஒரு பையோடு வந்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். அவர் வருவதாகச் சொல்லவே இல்லை.

"ரத்தம் எடுக்க உனக்குத் தெரியாதில்லம்மா" என்றார். 'மேடம்' போய்விட்டதில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அரூரில் சித்தேரி பஸ் மாறினோம். மலை ஏறும்போது அவர் திரும்பி, "என்ன சொல்லப் போற?" என்றார்.

"கம்ப்யூட்டர்ல தப்பு ஆயிடுச்சுன்னு சொல்லலாங்களா சார்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "கம்ப்யூட்டர் பஸ் ஏறி வந்திருக்குதாம்மா?" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தோம். சாமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. மல்லிகாவின் அம்மா களத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறோம் என்றதும் முறத்தைக் கீழே போட்டுவிட்டார்.

"எம்புள்ளைக்கு ரத்தத்துல என்னாங்க கோளாறு?"

"கோளாறு ஒண்ணும் இல்லிங்கம்மா. அவங்க ரத்தம் ஒரு வகை. அதுக்கு ஒரு ஊசி போடணும். அவ்வளவுதாங்க" என்றார் சார்.

மல்லிகா வெளியே வந்தாள். ஒல்லியான பெண், கை நிறைய வளையல். பத்தாவது வரை படித்தவள். நான் சொன்னேன். "அட்டையில உங்க குரூப்பு தப்பா ஏறிடுச்சுங்க. நர்ஸம்மா மேல தப்பில்லிங்க. ரிப்போர்ட்டை அனுப்பறதுக்கு எழுதினது நான். ரெண்டு பேரோடது ஒண்ணா சேர்ந்துடுச்சு. தப்பு என்னோடதுங்க."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். "அந்தக் காகிதம் இருக்குதுங்களா?" என்றாள். அச்செடுத்துக் கொண்டு போயிருந்ததைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மேலிருந்த வரிகளில் விரலை வைத்தாள்.

"இது நானில்லிங்க. இது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துவூட்டு மல்லிகா. சின்னசாமி அண்ணன் பொண்டாட்டி."

"ஆமாங்க. அது மேல ஒட்டிக்கிச்சு."

"சரிங்க. அவளுக்கு என்னா வந்துச்சு?"

அவள் காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அவளோடது பாதியில நிக்குதே. மீதி எங்கிங்க? முகாமுக்கு எனக்கு முன்னால நின்னா. நாலு படி ஏறுறதுக்கே மூச்சு வாங்குச்சு அவளுக்கு. நான்தான் கையப் புடிச்சுக் கூட்டியாந்தேன்."

மாதையன் சாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாற்பத்து மூன்று பேரையும் ஒத்துப் பார்த்த எங்களுக்கு, அதில் ஒருத்திக்கு ஃபைலே போகவில்லை என்பது உறைக்கவில்லை. நிலுவை என்பதால் நிரல் அவளைத் தாண்டிப் போயிற்று. தப்பு எங்கே என்று தேடிய அவசரத்தில் நாங்களும் தாண்டிப் போயிருந்தோம். நான் அந்த வரிகளை அடுத்தவள் மேல் ஒட்டிய அழுக்காகத்தான் பார்த்தேன். அது ஒரு பெண் என்று மல்லிகா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

சார் மல்லிகாவுக்கு ரத்தம் எடுத்தார். கையோடு கொண்டு வந்திருந்த மருந்தைச் சொட்டு விட்டு, வாசலில் வைத்தே பிரிவைப் பார்த்தார். பி நெகட்டிவ். பழைய அட்டையை அடித்து, புது அட்டையில் சிவப்புப் பென்சிலால் பெரிதாக எழுதினார். புதன்கிழமை ஊசிக்கு வருவதாக மல்லிகா சொன்னாள். அவள் அம்மா ஒரு படி சாமையைத் துணியில் கட்டிக் கொடுத்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வழியனுப்பும்போது மல்லிகா, "நாளைக்கே அவளைப் போய்ப் பாருங்க மேடம்" என்றாள்.

மறுநாள் வத்தல்மலைக்குப் போனோம். சின்னசாமியின் மனைவி வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது.

"ரிப்போர்ட்டு வரலைன்னு ஏம்மா கேக்கல?" என்றாள் ஜெயந்தி.

"ஒண்ணும் வரலைன்னா ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டேங்க" என்றாள் அவள்.

மருந்தகத்திலேயே சார் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவளுக்கு ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்தது. அப்படியே பிரசவ வலி வந்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாள் என்று பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அன்றே ஜீப்பில் கீழே கொண்டு வந்து சேர்த்தோம்.

அந்த வாரம் என் நிரலைத் திருத்தினேன். காலி செய்யும் வரியை ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் கொண்டு வந்து வைத்தேன். பட்டியலில் எத்தனை பேரோ அத்தனை ஃபைல் இல்லாவிட்டால் எதையும் அனுப்பாதே என்று எழுதினேன். நிலுவையில் இருப்பவர்களுக்கும் ஒரு ஃபைல் போகும். 'முடிவு வரவில்லை, மறுபடி ரத்தம் தேவை' என்று அதில் இருக்கும். பெயருக்குக் கீழே கணவர் பெயரும் ஊரும் சேர்ந்தன. மேலிடத்துக்கு மாதையன் சார் ஒரு கடிதம் எழுதினார். 'எங்கள் கவனக்குறைவு' என்று தொடங்கியது. என் பெயர் அதில் எங்கும் இல்லை. நான் கேட்டதற்கு, "ரிப்போர்ட்டைப் படிக்காம விட்டது நான்தானம்மா. கம்ப்யூட்டர் போட்டதுதானேன்னு விட்டுட்டேன்" என்றார். அதற்கடுத்த முகாமிலிருந்து, ஃபைல்கள் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் அவர் படித்தார்.

இரண்டு மல்லிகாவும் எங்கள் மருத்துவமனையிலேயே பிள்ளை பெற்றார்கள். பத்து நாள் இடைவெளி. சித்தேரி மல்லிகாவுக்கு ஆண் குழந்தை, பாசிட்டிவ் ரத்தம். பிறந்த அன்றே அவளுக்கு இரண்டாவது ஊசி போட்டார்கள். நானும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மூன்று வருடம் கழித்து அவள் இரண்டாவது குழந்தைக்காக வந்தாள். மாதையன் சார் அதற்குள் ஓய்வு பெற்று ஊரோடு போயிருந்தார். ஒவ்வொரு சோதனையிலும் அவள் ரத்தத்தில் குழந்தைக்கு எதிரான எதுவும் இல்லை என்றே வந்தது. ஆனாலும் குழந்தை பிறக்கும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மத்தியான வேளையில் பெண் குழந்தை பிறந்தது. வார்டில் நின்றபடியே சாருக்குப் போன் போட்டேன்.

"சார், சித்தேரி மல்லிகாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க."

"குழந்தைக்கு என்ன குரூப்பும்மா?"

"பி பாசிட்டிவ் சார்."

"மஞ்சக்காமாலை, வெளுப்பு, ஏதாவது?"

"ஒண்ணும் இல்லிங்க சார். நல்லா செவசெவன்னு இருக்குது. ஓயாம அழுவுது."

"அழுவுதா? போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டும்மா."

நான் போனைக் குழந்தையின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.